கிருமிகளின் கைமாத்து: மெட்ராஸ் 1992, தரமணி 2010

1992 அக்டோபர் வாக்கில் மெட்ராஸில் வாந்திபேதி பரவ ஆரம்பித்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி பேதி, விடாத வாந்தி, சில மணி நேரத்திலேயே கண் உள்ளே போய் ஆளே துவண்டுவிடுவது. பார்த்த மாத்திரத்தில் எந்த டாக்டரும் காலரா என்று சொல்லிவிடுவார். நம்ம ஊருக்கு அது புதுசும் கிடையாது.

குழப்பம் வந்தது லேபில்தான். நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை வளர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காலரா கிருமி. அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட் எல்லாவற்றிலும் காலரா கிருமி. கடைசி டெஸ்டில் மட்டும் 'நான் அவன் இல்லை' என்றது.

இந்தப் பதிவு அந்தக் கிருமியைப் பற்றியும், பதினெட்டு வருஷம் கழித்து தரமணியிலிருந்து வந்த இன்னொரு சேதியைப் பற்றியும். ரெண்டையும் சேர்க்கிற சரடு ஒன்றுதான்: பாக்டீரியாக்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கைமாத்து. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிற ஜாதி. ஆனாலும் இந்தக் கதையை ஒரு தடவை படித்துவிட்டால் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போர்வை மாறின கிருமி

காலரா கிருமிக்கு விப்ரியோ காலரே என்று பெயர். அதன் மேல் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு போர்வை உண்டு. இந்தப் போர்வையின் டிசைனை வைத்து ஓ1, ஓ2, ஓ3 என்று நம்பர் போட்டிருக்கிறார்கள். ஓ1-க்கு உண்டான சீரத்தை ஒரு சொட்டு விட்டால், ஓ1 கிருமிகள் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். மற்ற நம்பர்கள் அசையாது.

1992 வரைக்கும் இருந்த நம்பிக்கை என்னவென்றால், ஊரையே புரட்டிப்போடும் கொள்ளைநோயாகக் கிளம்புவது ஓ1 மட்டும்தான். மீதி எல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வயிற்றைக் கலக்குகிற சில்லறை ஆசாமிகள்.

மெட்ராஸ் கிருமி ஓ1 சீரத்துக்குத் திரியவில்லை. சரி, 'சில்லறை'யில் எது என்று பார்த்தால், அதுவரை தெரிந்திருந்த 138 வகையில் எதற்குமே திரியவில்லை. 139-வது நம்பரைப் புதுசாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

மெட்ராஸிலிருந்து மதுரை, வேலூர். அப்புறம் கல்கத்தா. 1992 முடிவதற்குள் வங்கதேசத்தின் தெற்குப் பகுதி. 1993-ன் முதல் சில மாதங்களில் வங்கதேசத்தில் மட்டும் 1 லட்சம் பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். வழக்கமாகக் காலரா அடிக்கடி வருகிற ஊர்களில் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள், பெரியவர்களுக்குப் பழைய நோயினால் வந்த பாதுகாப்பு இருக்கும். இந்தத் தடவை பெரியவர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஏன்னா அவங்க உடம்புக்கு பழைய போர்வைதான் பழக்கம். புதுப் போர்வையில் வந்தவனை உடம்பு அடையாளம் கண்டுபிடிக்கவே இல்லை.

1993-ல் கல்கத்தாவின் தேசிய காலரா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ராமமூர்த்தி, பாலகிருஷ் நாயர் குழுவினர் 'லான்செட்' மருத்துவ இதழில் இதை உலகத்துக்கு எழுதினார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் கொள்ளைநோயாகும் திறமையோடு ஒரு புது வகை கிளம்பியிருக்கிறது என்று. எட்டாவது உலகக் காலரா அலை வந்துவிட்டதோ என்று எல்லோரும் பயந்தார்கள். ஏழாவது அலை 1961-ல் இந்தோனேசியாவில் தொடங்கியது.

புதுக் கிருமிக்கு டோக்கியோ விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ஓ139 பெங்கால்'. வங்காள விரிகுடாவைச் சுற்றி முதலில் கிடைத்ததால் அப்படி. மெரினாவில் நின்றால் தெரிவதும் வங்காள விரிகுடாதானே, அதனால் தப்பில்லை. ஆனா மெட்ராஸ் பெயர் வேறொரு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதுக்கு அப்புறம் வர்றேன்.

பரம்பரை சொத்தும் கைமாத்தும்

நமக்கெல்லாம் ஜீன் என்பது பரம்பரை சொத்து. அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு. பக்கத்து வீட்டு மாமாவோடு எவ்வளவு நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசினாலும் அவரோட சுருட்டை முடி நமக்கு வராது. பாக்டீரியாவுக்கும் பரம்பரை சொத்து உண்டு. அதற்கு மேல் கைமாத்தும் உண்டு. பத்திரம், சாட்சி, ஜாமீன் எதுவும் கிடையாது. சொந்தக்காரனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சில சமயம் செத்துப்போனவனிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும்!

இதை முதலில் பார்த்தவர் லண்டனில் ஃப்ரெட் கிரிஃபித், 1928-ல். நிமோனியா கிருமியில் இரண்டு வகை. ஒன்று எலியைக் கொல்லும், இன்னொன்று சாது. கொலைகாரக் கிருமியைச் சூட்டில் கொன்று, உயிருள்ள சாதுவோடு கலந்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. செத்த எலியிலிருந்து எடுத்துப் பார்த்தால், உயிரோடு கொலைகாரன்! செத்தவனிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு சாது மாறியிருக்கிறது. அந்த 'எதையோ' டிஎன்ஏ என்று 1944-ல் நியூயார்க்கில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள். டிஎன்ஏவுக்கு இன்றைக்கு இருக்கிற மவுசு அங்கிருந்துதான் ஆரம்பம்.

1946-ல் லெடர்பெர்க்கும் டேட்டமும் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஜீன் கைமாற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். 1952-ல் ஜிண்டரும் லெடர்பெர்க்கும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் கூரியர் பையன் மாதிரி ஜீனைத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்தார்கள். ஆக வழி மூன்று: கீழே கிடப்பதை எடுத்துக்கொள்வது, வைரஸ் கூரியர், நேருக்கு நேர் கைமாத்து.

அதுவரை இது லேப் சமாச்சாரம். ஆஸ்பத்திரிக்கு வந்தது ஜப்பானில். யுத்தத்துக்குப் பிறகு அங்கே சீதபேதிக்கு சல்ஃபா மருந்துகள், ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோரம்ஃபெனிகால் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். 1950-களின் நடுவில், நாலுக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி கிளம்பியது. ஒரு மருந்துக்குப் பழகுவதே அபூர்வம், நாலுக்கும் ஒரே நாளில் எப்படிப் பழகும்? 1959-ல் விடை கிடைத்தது. நாலு எதிர்ப்பும் ஒரே பொட்டலமாகக் கட்டி, குடலில் இருக்கும் இன்னொரு சாதாரண பாக்டீரியாவுக்கும் சீதபேதிக் கிருமிக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்தது. 1963-ல் சுடோமு வடனபே இதை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய பிறகுதான் மேற்கு நாடுகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. இந்தப் பொட்டலத்துக்குத்தான் பிளாஸ்மிட் என்று பெயர். கிருமியின் முக்கிய டிஎன்ஏவோடு சேராமல், தனியாக வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நம்ம பாஷையில் சொன்னால் பென் டிரைவ். எந்த மெஷினிலும் சொருகலாம்.

நம்ம பக்கத்துக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. 1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு கிருமி குளோரம்ஃபெனிகாலுக்கு அடங்கவில்லை. டைபாய்டுக்கு அப்போது அதுதான் பெரிய மருந்து. அந்த எதிர்ப்பு மற்ற பாக்டீரியாவுக்கும் கைமாறக்கூடியது என்று அங்கிருந்து பணிக்கரும் விமலாவும் அதே வருஷம் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

மெட்ராஸ் கிருமியின் கடன் கணக்கு

இப்போது மறுபடியும் 1992-க்கு வருவோம். ஓ139-ன் ஜீன்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பெரிய ஆச்சரியம். இது புதுக் கிருமியே இல்லை! ஏற்கெனவே ஊரில் சுற்றிக்கொண்டிருந்த பழைய ஓ1 'எல் டோர்' வகைதான். கைமாத்து வாங்கி வாங்கி ஆளே மாறிப்போயிருந்தது.

கடன் ஒன்று: போர்வை. ஓ1 போர்வையைத் தைக்கும் ஜீன்கள் சுமார் 22 ஆயிரம் எழுத்து. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு ஏதோ ஒரு விப்ரியோவிடமிருந்து வந்த சுமார் 35 ஆயிரம் எழுத்து உட்கார்ந்திருந்தது. இது எப்படி நடந்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்து ஒரு குறிப்பு கிடைத்தது. காலரா கிருமி கடலிலும் கழிமுகத்திலும் இறால், நண்டு வகையறாக்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். அந்த ஓட்டில் இருக்கும் கைட்டின் பட்டாலே, வெளியே கிடக்கும் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும் புத்தி அதற்கு வந்துவிடுகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் ஷூல்னிக் குழு கண்டுபிடித்தது. 2007-ல் பிளோகெஷும் ஷூல்னிக்கும், கைட்டின் மேல் வளர்த்த ஓ1 கிருமி ஓ139-ன் போர்வை ஜீன்களை வாங்கிப் போட்டுக்கொள்வதை லேபிலேயே செய்து காட்டினார்கள். 2015-ல் இன்னும் ஒரு படி மேலே: பக்கத்தில் இருக்கும் கிருமியைக் குத்திக் கொன்று, அதன் டிஎன்ஏவை எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. இது கைமாத்து இல்லைங்க, வழிப்பறி.

கடன் இரண்டு: விஷம். காலராவில் ஆளை வற்றவைப்பது கிருமி விடும் விஷம்தான். அந்த விஷத்தை 1959-ல் கல்கத்தாவில் எஸ்.என். டே கண்டுபிடித்தார். சொந்த ஊரிலேயே பல வருஷம் கண்டுகொள்ளாமல் விடப்பட்ட மனிதர், அவரைப் பற்றி தனிப் பதிவே போடலாம். அந்த விஷத்தின் ஜீன் காலரா கிருமியின் சொந்தச் சொத்து இல்லை என்று 1996-ல் வால்டரும் மெகலனோஸும் காட்டினார்கள். அது ஒரு வைரஸ் கொண்டுவந்து வைத்தது! வெறும் 7 ஆயிரம் எழுத்துள்ள குட்டி வைரஸ். அது உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் முடியும், கிருமி நம் குடலில் குடியேறப் பயன்படுத்தும் முடியும் ஒன்றே. இந்தக் கடனை ஓ139-ன் முன்னோர்களே வாங்கி வைத்துவிட்டார்கள்.

கடன் மூன்று: மருந்து எதிர்ப்பு. மெட்ராஸ் பெயர் ஒளிந்திருக்கிறது என்றேனே, அது இங்கேதான். 1992-ல் மெட்ராஸில் எடுத்த ஒரு ஓ139 கிருமிக்கு 'எம்ஓ10' என்று பெயர். அதை வைத்து ஆராய்ந்தபோது, சல்ஃபமெத்தாக்சசோல், டிரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்புகள் ஒரே துண்டில் இருப்பதும், அந்தத் துண்டு தானே வெட்டிக்கொண்டு கிளம்பி அடுத்த பாக்டீரியாவுக்குப் போய் ஒட்டிக்கொள்வதும் தெரிந்தது. முதல் இரண்டும் சேர்ந்ததுதான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு 'செப்ட்ரான்' என்று தெரிந்த மாத்திரை. அந்தத் துண்டுக்கு எஸ்எக்ஸ்டி என்று பெயர் வைத்தார்கள், 1996-ல். சுமார் 1 லட்சம் எழுத்து நீளம். இந்த வகைத் துண்டுகளின் குடும்பத்துக்கே இன்று பாடப்புத்தக உதாரணம் மெட்ராஸ் எம்ஓ10-ன் எஸ்எக்ஸ்டிதான்.

மூன்று வழியில் வாங்கக்கூடிய மூன்று கடனும் ஒரே கிருமியில். இதைவிட நல்ல 'கேஸ் ஸ்டடி' கிடைக்குமா சொல்லுங்க.

2004-ல் வந்த சேதிதான் என்னை உலுக்கியது. இந்தத் துண்டு சாதாரணமாகச் சும்மா கிடக்கும். அதைப் பூட்டி வைக்க ஒரு காவல்காரப் புரதம் உண்டு. கிருமியின் டிஎன்ஏவுக்கு அடி விழுந்தால், கிருமி உள்ளுக்குள் அபாய மணி அடிக்கும். அந்த மணி அடித்தால் காவல்காரன் காலி, துண்டு கிளம்பிவிடும். அந்த மணியை அடிக்கும் பொருள்களில் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின். ஆமாம், அதே சிப்ரோ மாத்திரைதான். அதாவது, நாம் கொடுக்கிற ஒரு மருந்தே, வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பைக் கைமாற்றச் சொல்லித் தள்ளிவிடுகிறது. தப்பிக்கத் தெரிந்த கிருமிகளை மட்டும் மருந்து விட்டுவைக்கும் என்பதுதான் நாம் படித்தது. இது அதற்கு மேல்.

ஆள் போனான், கடன் போகவில்லை

எட்டாவது அலை வரவில்லை. 1994-லேயே பழைய எல் டோர் மறுபடி தலையெடுத்தது. 1996-ல் கல்கத்தாவில் ஓ139 ஒரு தடவை எட்டிப் பார்த்தது. அப்புறம் மெல்ல மெல்லத் தேய்ந்து இன்று அபூர்வமாகிவிட்டது. நடுவில் அதற்குத் தடுப்பு மருந்துகூட வந்தது. 2009-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் கொண்டுவந்த வாய்வழி மருந்தில் ஓ1, ஓ139 ரெண்டுமே உண்டு.

'சரி, கதை முடிஞ்சுது' என்று எழுந்திருக்காதீங்க. ஓ139 தேய்ந்தது, எஸ்எக்ஸ்டி குடும்பம் தேயவில்லை. திரும்பி வந்த எல் டோர் கிருமிகள் அந்தக் குடும்பத்துத் துண்டோடுதான் வந்தன. 1992-க்குப் பிறகு ஆசியாவில் நோயாளிகளிடம் எடுத்த காலரா கிருமிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. 2010-ல் ஹைட்டி தீவில் பயங்கரமான காலரா வந்ததே, நேபாளத்திலிருந்து போன ஐ.நா. படையினர் முகாமிலிருந்து பரவியது, அந்தக் கிருமியிலும் இதே குடும்பத்துத் துண்டுதான்.

கடன் வாங்கியவன் போய்ச் சேர்ந்துவிட்டான், கடன் மட்டும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிருமியை மட்டும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தால் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். கைமாறும் துண்டைக் கணக்கெடுத்தால்தான் நிஜம் தெரியும்.

இந்தப் பாடத்தோடு தரமணிக்கு வருவோம்.

மத்திய கைலாஷ் தாண்டி

அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் தாண்டி ஓஎம்ஆரில் போனால் தரமணி. டைடல் பார்க் பக்கம் வேலைக்குப் போகும் நம்ம ஜனங்கள் தினமும் கடக்கிற இடம். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பல வருஷம் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் பெயரில். அங்கே மைக்ரோபயாலஜி துறையில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் கார்த்திகேயன் குமாரசாமி. 2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் அவருடையது. கூட இருந்தவர்களில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோத்தி வால்ஷும் ஒருவர்.

விஷயம் இதுதான். பென்சிலின் குடும்பத்தில் கடைசி ஆயுதம் மாதிரி வைத்திருப்பது கார்பபெனம் வகை ஊசிகள். ஐசியூவில் வேறு எதுவும் எடுபடாதபோது போடுவார்கள். அதையும் வெட்டிப்போடும் ஒரு நொதி, துத்தநாகத்தை உள்ளே வைத்துக்கொண்டு வேலை செய்வது. 2008-ல் ஸ்வீடனில், டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் முதலில் கிடைத்தது. 2009-ல் அதற்கு 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்', சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயர் வைத்தார்கள்.

2010 கட்டுரையில் என்டிஎம்-1 உள்ள கிருமிகளின் கணக்கு: சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தின் மற்ற ஊர்களில் 73. பெரும்பாலும் இது பிளாஸ்மிட்டில், அதாவது பென் டிரைவில் இருந்தது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்று கிருமி பார்க்காமல் தாவியது. அந்தக் கிருமிகளை ஓரளவுக்கு அடக்கியது கோலிஸ்டின், டைஜிசைக்ளின் போன்ற ஒன்றிரண்டு மருந்துகள் மட்டும்தான்.

அப்புறம் நடந்தது உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். கிருமியைப் பற்றி யாரும் பேசவில்லை. பெயரைப் பற்றித்தான் பேச்சு. எங்க தலைநகரின் பெயரை எப்படி வைக்கலாம், நம்ம மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கிற சதி என்று பாராளுமன்றம் வரைக்கும் போனது. 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், அந்தப் பெயரைப் பற்றி யோசித்திருக்க வேண்டும் என்று வருத்தம் தெரிவித்தார்.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. ஆனால் இந்த நொதிகளுக்கு ஊர்ப் பெயர் வைப்பது அப்போது வழக்கம்தான். வெரோனா பெயரில் ஒன்று, சாவ் பாலோ பெயரில் ஒன்று, சியோல் பெயரில் ஒன்று உண்டு. 1992 கிருமிக்கு 'பெங்கால்' என்று வைத்தபோதும் இவ்வளவு கூச்சல் இல்லை.

2011 ஏப்ரலில் வால்ஷ் குழு இன்னொரு கட்டுரை போட்டது. டெல்லியில் தெருவில் தேங்கிய, ஒழுகிய தண்ணீரில் 171 சாம்பிள், குழாய்த் தண்ணீரில் 50 சாம்பிள். தேங்கிய தண்ணீரில் 51-லும் குழாய்த் தண்ணீரில் 2-லும் அந்த ஜீன் இருந்தது. அது குடியேறியிருந்த கிருமிகளின் பட்டியலில் சீதபேதிக் கிருமி ஒன்று. இன்னொன்று யார் தெரியுமா? விப்ரியோ காலரே. நம்ம பழைய ஆள்! இன்னொரு விஷயம், ஜீன் கைமாறுவது 30 டிகிரி சூட்டில் அதிகம் என்றும் பார்த்தார்கள். அது வெயிலூர்க்காரர்களுக்குச் சந்தோஷமான சேதி இல்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறீங்களா? யார் கை யார் பையில் என்றே தெரியாது. சாக்கடை என்பது பாக்டீரியாக்களுக்கு வருஷம் முழுக்க ரங்கநாதன் தெரு. குடலிலிருந்து வந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், மண்ணில் பிறந்தவன் எல்லோரும் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கூடவே நாம் தின்று வெளியேற்றின ஆன்டிபயாடிக் மிச்சமும். அடையாறிலும் பக்கிங்காம் கால்வாயிலும் என்ன கலக்கிறது என்று பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் நமக்குத் தெரியாததா?

பெரியப்பாவின் கேள்வி

என் பெரியப்பா மயிலாப்பூர்வாசி, எழுபது தாண்டியவர். போன வருஷம் சிறுநீர்த் தொற்று வந்து கல்ச்சர் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர் வரிசையாக இருக்கும், பக்கத்தில் எடுபடும், எடுபடாது என்று குறித்திருப்பார்கள். ஒரு பக்கம் முழுக்க 'எடுபடாது'. கடைசியில் ரெண்டே ரெண்டு 'எடுபடும்'. ரெண்டும் ஊசி. மாத்திரையில் போயிருக்க வேண்டிய சமாச்சாரம், பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம்.

அவர் படுக்கையில் கேட்டார்: "ஏண்டா, இதுல பாதி மருந்து பேரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. என் உடம்புல இருக்கற கிருமிக்கு அது எப்படிடா பழக்கமாச்சு?"

ரொம்ப சரியான கேள்வி. அவர் தின்று பழக்கவில்லை. யாரோ, எங்கேயோ, எந்த ஆஸ்பத்திரியிலோ, எந்தக் கோழிப்பண்ணையிலோ பழகின கிருமி கொடுத்த கைமாத்து அது. சொன்னேன்.

"ஆக, கடன் வாங்கினது அது, வட்டி கட்டறது நானா?" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக இந்த விஷயத்தை யாரும் சொல்ல முடியாது. 'நான் டாக்டர் சொன்னபடி கோர்ஸை ஒழுங்கா முடிக்கறேன், எனக்கு வராது' என்கிற கணக்கு இங்கே வேலைக்காகாது. தண்ணீர் பொது, சாக்கடை பொது, கிருமி பொது. எதிர்ப்பும் பொதுச் சொத்தாகிவிட்டது.

கூச்சலுக்குப் பிறகு

நல்ல வேளையாக, சென்னையில் கூச்சலோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். இங்கே தொற்றுநோய் மருத்துவராக இருக்கும் அப்துல் கஃபூர், லான்செட் கட்டுரைக்குச் சில மாதம் முன்பே, ஆன்டிபயாடிக்குகளுக்கு இரங்கல் குறிப்பு என்கிற பாணியில் ஒரு மருத்துவ இதழில் எழுதியவர். 2012 ஆகஸ்ட் 24 அன்று நாட்டின் பல மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டினார். அதில் வந்ததுதான் 'சென்னை டிக்ளரேஷன்'. ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய் என்று குதிக்காமல், டாக்டரே இல்லாத கிராமங்களும் உள்ள நாட்டில் எது நடக்குமோ அதைச் செய்வோம் என்கிற நடைமுறை ஆவணம்.

2013-ல் மத்திய அரசு ஹெச்1 என்கிற பட்டியலைக் கொண்டுவந்தது. 2014 மார்ச் 1 முதல் அமல். 46 மருந்துகளை, அதில் பல முக்கிய ஆன்டிபயாடிக்குகளை, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் தனி ரெஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு பிரச்சாரம் வந்தது. உங்க வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்க, சிவப்புக் கோடு போட்ட அட்டை இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதது. 2019 ஜூலையில் கோழி, கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது தடை செய்யப்பட்டது. மனுஷனுக்குக் கடைசியாக மிஞ்சின மருந்தை கோழி கொழுக்கப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பட்டியல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. மூணு மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுக்கும் கத்தரிக்கோலும் இருக்கிறது. அதை நீங்களே பார்த்திருப்பீங்க.

புது மருந்து வராதா என்று கேட்பீங்க. வருகிறது, மெதுவாக. சென்னையின் ஆர்ச்சிட் நிறுவனத்தில் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் சேர்ந்த ஒரு ஊசி மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. நம்ம ஊர்ச் சரக்கு, காலர் தூக்கிக்கலாம். ஆனால் அதுவும் என்டிஎம் வகை நொதியை அடக்காது. ஒரு மருந்து தயாராக வருஷக்கணக்கில் ஆகிறது. ஒரு பிளாஸ்மிட் கைமாற சில நிமிஷம் போதும்.

கடைசியாக நான் சொல்ல நினைப்பது இதுதான். 1992-லும் சரி, 2010-லும் சரி, மெட்ராஸ்காரன் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசி டெஸ்டில் கிருமி திரியவில்லை என்பதை யாரோ ஒருவர் கவனித்து எழுதி வைத்ததால்தான் ஓ139 உலகத்துக்குத் தெரிந்தது. எம்ஓ10-ஐ பத்திரமாக வைத்ததால்தான் எஸ்எக்ஸ்டி தெரிந்தது. தரமணியில் ஒருவர் உட்கார்ந்து எண்ணியதால்தான் '44' என்கிற எண் கிடைத்தது. எண்ணாத ஊரில் பூஜ்யம் என்றுதான் வரும். பூஜ்யம் என்று எழுதியிருக்கிற ஊரைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

ஒரு வேண்டுகோள். 1992-ல் நான் பிறக்கவே இல்லை. அந்த வருஷக் கடைசியில் மெட்ராஸில் இருந்த பதிவர்கள் யாராவது இருந்தால், அந்தக் காலரா ஞாபகம் இருந்தால், எந்த ஏரியா, தண்ணீர் அடி பம்பா, லாரியா, வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்களா, தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்க. கிருமியின் ஜீன் முழுக்க எழுத்து எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. அதைக் கடந்து வந்த மனுஷங்களின் கதையைத்தான் யாரும் எழுதி வைத்த மாதிரி தெரியவில்லை.